பிலிம் உடைகிறது, நிறமாலை மாறவில்லை: பாலிமர் ஆக்சிஜனேற்றத்தில் எந்தக் கருவியை நம்புவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். 100 மைக்ரான் தடிமனுள்ள பாலிப்ரொப்பிலீன் பிலிமைக் காற்றோட்டமுள்ள அடுப்பில் 110 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறீர்கள். சில வாரங்களில் மடித்தால் உடையும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் ஏ.டி.ஆர். முறையில் (பிலிமின் மேற்பரப்பை ஒரு படிகத்தில் அழுத்தி அளக்கும் முறை) எடுத்த அகச்சிவப்பு நிறமாலையில், ஆக்சிஜனேற்றத்தில் உண்டாகும் கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பின் அளவைக் காட்டும் கார்பனைல் குறியீடு ஏறவே இல்லை. நைட்ரஜனில் எடுத்த டி.ஜி.ஏ. வளைவும் (சூடேற்றும்போது எடை குறைவதைக் காட்டுவது) புது பிலிமுடையதைப் போலவே இருக்கிறது. வெப்ப ஓட்டத்தை அளக்கும் டி.எஸ்.சி. கருவியில் பார்த்த ஆக்சிஜனேற்றத் தூண்டல் நேரம் (ஆக்சிஜனில் வினை தொடங்க எடுக்கும் நேரம்) மட்டும் ஏறக்குறையப் பூஜ்யமாகிவிட்டது. இவற்றில் சிறந்த கருவி எது, எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். தூண்டல் நேரத்தை வைத்து அறை வெப்பநிலையில் பிலிமின் ஆயுளைக் கணக்கிடலாமா என்று கூடவே ஒரு கேள்வி. என் பார்வையில் உங்கள் கேள்வியின் கரு வேறு: ஒரே பிலிமைப் பற்றி மூன்று கருவிகள் ஏன் மூன்று விதமாகப் பேசுகின்றன? அதற்கு விடை கிடைத்தால் முதல் கேள்வி தானாகவே கரைந்துவிடும். பாலிமர் முதுமையாக்கச் சோதனைகளிலேயே காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. ஒவ்வொன்றும் வினையின் வேறொரு கட்டத்தை, பிலிமின் வேறோர் இடத்தைப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் வினை. 1940-களில் போலண்ட், ஜீ ஆகியோர் ரப்பரைப் புரிந்துகொள்வதற்காகச் சிறு மூலக்கூறுகளில் ஆராய்ந்து வகுத்த சங்கிலி வினைத் திட்டம்தான் இன்றுவரை அடித்தளம். எங்கோ ஒரு ஹைட்ரஜன் பறிபோய், பாலிமர் சங்கிலியில் ஒரு தனி உறுப்பு (ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் இடம்) பிறக்கிறது. அது ஆக்சிஜனை உடனடியாகப் பற்றிக்கொண்டு பெராக்சி தனி உறுப்பாகிறது. பெராக்சி உறுப்பு, பக்கத்தில் உள்ள இன்னொரு ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ரோபெராக்சைடாக மாறுகிறது. பிடுங்கிய இடத்தில் புதிய தனி உறுப்பு. இந்த ஹைட்ரோபெராக்சைடுதான் கதையின் வில்லன். சூட்டிலோ ஒளியிலோ அது பிளந்து மேலும் தனி உறுப்புகளைத் தருகிறது. வினை தன்னைத்தானே முடுக்கிக்கொள்கிறது. பிளந்தபின் எஞ்சும் ஆல்காக்சி உறுப்பு பக்கத்துக் கார்பன் பிணைப்பை உடைக்கும்போதுதான் சங்கிலி அறுபடுகிறது, அறுபட்ட முனையில் ஒரு கார்பனைல் தோன்றுகிறது. பாலிப்ரொப்பிலீனில் ஒன்றுவிட்டு ஒரு முதுகெலும்புக் கார்பன் மூவிணையக் கார்பன் (மூன்று கார்பன்களோடு இணைந்தது). அதிலுள்ள ஹைட்ரஜன் எளிதில் பறிபோகும். பாலிஎத்திலீனைவிட இது சீக்கிரம் கெட்டுப்போவதற்கு அதுவே முக்கியக் காரணம். இதுவரை சொன்னதில் சர்ச்சைக்கு அதிக இடமில்லை.

ஆக, வரிசை இது: ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கப் பிலிமில் சேர்த்திருக்கும் தடுப்பான் தீர்கிறது, ஹைட்ரோபெராக்சைடு சேர்கிறது, சங்கிலி அறுபடுகிறது, கார்பனைல் குவிகிறது, கடைசியில் எடை குறைகிறது. தூண்டல் நேரம் பார்ப்பது முதல் கட்டத்தை. டி.ஜி.ஏ. பார்ப்பது கடைசிக் கட்டத்தை. பிலிம் உடைவது நடுவில். உடைவதும் கார்பனைல் தெரிவதும் ஒரே நேரத்தில் நிகழும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கிறீர்கள்; பலரும் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அந்த எதிர்பார்ப்பு எங்கே பிசகுகிறது என்று தெரிந்துவிடும்.

எண்சராசரி மூலக்கூறு எடை 1,00,000 உள்ள பாலிப்ரொப்பிலீனை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சங்கிலியும் சராசரியாக ஒருமுறை அறுபட்டால் அது 50,000 ஆகிவிடும். பிலிமின் வலிமைக்கு இது பேரிடி. படிக அடுக்கு ஒன்றையும் அடுத்ததையும் இழுத்துக் கட்டும் நீண்ட சங்கிலிகள்தான் பிலிமை வளையவிடுகின்றன. அவை அறுந்தால் போயிற்று. இப்போது அந்த அறுபடலுக்கு ஒரு கார்பனைல் என்று வையுங்கள். புரொப்பிலீன் அலகின் எடை 42. அப்படியானால் ஏறத்தாழ 2,400 அலகுகளுக்கு ஒரு கார்பனைல். செறிவாகச் சொன்னால் லிட்டருக்குச் சுமார் 0.009 மோல். கீட்டோனின் மோலார் உட்கவர் திறனை (குறிப்பிட்ட செறிவு ஒளியை எவ்வளவு உறிஞ்சும் என்ற எண்) 300 என்ற அளவில் கொண்டால், 100 மைக்ரான் பிலிமின் ஊடாக ஒளியைச் செலுத்தும்போது கிடைக்கும் உட்கவர்தல் 0.027. கவனமாக எடுத்த நிறமாலையில் இது தெரியும். ஏ.டி.ஆரில் ஒளி பிலிமுக்குள் நுழையும் ஆழம் வைரப் படிகத்துக்கு இந்தப் பகுதியில் 1 முதல் 2 மைக்ரான்தான். அதே செறிவுக்கு அங்கே கிடைப்பது சுமார் 0.0005 அல்லது அதற்கும் கீழே. உங்கள் அடிக்கோட்டின் நெளிவே அதைவிடப் பெரிதாக இருக்கும். அறுபடல் ஒன்றுக்கு ஒரு கார்பனைல் என்பது எளிமைப்படுத்தல்தான். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே உருவாகலாம். மூன்று மடங்கு என்று வைத்தாலும் ஏ.டி.ஆர். முடிவு பெரிதாக மாறாது.

எனவே முதலில் செய்ய வேண்டியது எளிது, செலவில்லாதது: அதே பிலிமை ஊடுருவல் முறையில் நிறமாலை எடுங்கள். 100 மைக்ரானில் வலுவான பட்டைகள் தட்டையாகிவிடும், கவலை வேண்டாம். கார்பனைல் பகுதி நன்றாகத்தான் இருக்கும். ஒப்பீட்டுப் பட்டையாக, தட்டையாகாத பலவீனமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாலிப்ரொப்பிலீனுக்கு 2720 அருகில் உள்ள பட்டையைப் பலர் இதற்காகவே பயன்படுத்துகிறார்கள். (அலை எண்கள் எல்லாம் வழக்கமான சென்டிமீட்டர்-தலைகீழ் அலகில்.)

ஏ.டி.ஆரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாலிப்ரொப்பிலீனில் ஆக்சிஜனேற்றம் எங்கும் சீராகப் பரவுவதில்லை. வினையூக்கியின் எச்சம் இருக்கும் இடம், தடுப்பான் முதலில் தீர்ந்த இடம் என்று சில புள்ளிகளில் தொடங்கி, தொற்றுநோய் போல அங்கிருந்து அக்கம்பக்கத்துக்குப் பரவுகிறது. ஒரு மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள படிகத்தை ஓரிடத்தில் அழுத்தி எடுத்த அளவு, பிலிம் முழுவதற்கும் பேசாது. உடைந்த விளிம்பை ஒட்டி ஒன்று, உடையாத பகுதியில் நாலைந்து இடம், இருபுறமும் என்று எடுத்துப் பாருங்கள். எண்கள் சிதறினால் அந்தச் சிதறலையும் அறிக்கையில் எழுதுங்கள். சராசரியை மட்டும் எழுதி மறைத்துவிடாதீர்கள்.

கார்பனைல் குறியீடு என்ற அந்த எண்ணைப் பற்றியும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். அது ஒரு விகிதம் மட்டுமே. எந்த உயரத்தை அல்லது பரப்பை எந்தப் பட்டையால் வகுத்தீர்கள், அடிக்கோட்டை எங்கிருந்து எங்கே இழுத்தீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே நிறமாலையிலிருந்து வெவ்வேறு எண்கள் வரும். ஓர் ஆய்வுக் கட்டுரையின் 0.4-ஐ இன்னொன்றின் 0.4-உடன் ஒப்பிடுவது பெரும்பாலும் வீண்வேலை. 1850 முதல் 1650 வரையுள்ள பரப்பை 1500 முதல் 1420 வரையுள்ள பரப்பால் வகுக்கும் முறை 2020-இல் முன்வைக்கப்பட்டது. குறைந்தபட்சம் எல்லைகளைத் தெளிவாகச் சொல்கிறது என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. எதைப் பின்பற்றினாலும் எல்லைகளை எழுதிவையுங்கள்.

ஒற்றை எண்ணைவிடப் பட்டையின் வடிவம் அதிகம் பேசும். 1715 பக்கம் கீட்டோன், அதற்குச் சற்றுக் கீழே கார்பாக்சிலிக் அமிலம், 1740 பக்கம் எஸ்டர், 1780 பக்கம் காமா-லாக்டோன். இவை ஒன்றன்மீது ஒன்று ஏறி ஒரே மேடாகத் தெரியும். கணினியை விட்டு அந்த மேட்டை ஐந்து, ஆறு மலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சதவீதம் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மலைகளின் எண்ணிக்கையை நாம்தான் முடிவு செய்கிறோம், மென்பொருள் கேட்டதைக் கொடுக்கிறது. வேதியியல் வழியில் பிரிப்பது நம்பகமானது. பிலிமை அம்மோனியா வாயுவில் வைத்தால் அமிலம் உப்பாக மாறி, அதன் பட்டை 1700 பக்கத்திலிருந்து 1550 பக்கம் இடம்பெயரும். கீட்டோனும் எஸ்டரும் அசையாமல் நிற்கும். முன்னும் பின்னும் எடுத்த நிறமாலைகளைக் கழித்தால் அமிலத்தின் பங்கு தனியே தெரியும். நச்சு வாயுவை வெளியேற்றும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள் செய்ய வேண்டிய வேலை, ஆனால் கடினமானதல்ல.

கார்பனைல் தெரிந்தாலே ஆக்சிஜனேற்றம் என்று முடிவு கட்டவும் முடியாது. பரவலாகப் பயன்படும் பீனால் வகைத் தடுப்பான்கள் சிலவற்றிலேயே எஸ்டர் உண்டு. அவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்தால் 1740-இல் அழகான பட்டை தரும். வழுக்கும் தன்மைக்காகச் சேர்க்கும் அமைடுகளும், பிலிமில் ஒட்டிய ஈரமும் 1650 பக்கத்தில் குறுக்கிடும். இதற்கு நல்ல பாடம் இடுப்பு, முழங்கால் மாற்று மூட்டுகளில் இருக்கும் மிக உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன். காமா கதிரால் காற்றில் கிருமிநீக்கம் செய்த அந்தப் பாகங்கள், கதிர்வீச்சு விட்டுச்சென்ற தனி உறுப்புகளால் வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே ஆக்சிஜனேற்றம் அடைந்தன. அதிகம் கெட்டுப்போன பகுதி மேற்பரப்பில் அல்ல. அதற்குச் சற்றுக் கீழே, வெள்ளைப் பட்டையாகக் கண்ணுக்கே தெரியும். மேற்பரப்பை மட்டும் ஏ.டி.ஆரில் பார்த்தவருக்கு அது அகப்பட்டிருக்காது. அதனால்தான் குறுக்குவெட்டில் மெல்லிய சீவல்கள் எடுத்து, ஆழத்துக்கு ஆழம் அகச்சிவப்பு நுண்ணோக்கியில் அளக்கும்படி அதற்கான தர முறை வகுக்கப்பட்டது. உடலிலிருந்து எடுத்த மூட்டுகளில் வேறொரு தொல்லை: உடலின் கொழுப்புகள் பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும்; அவற்றின் எஸ்டர் பட்டை ஆக்சிஜனேற்றம் போலவே வேடம் போடும். ஹெக்சேன் போன்ற கரைப்பானில் கொதிக்கவைத்துக் கொழுப்பைப் பிரித்தெடுத்த பிறகுதான் உண்மையான எண் கிடைக்கும். உங்கள் பிலிமிலும் அதே வழியில் ஒரு துண்டைக் கரைப்பானில் ஊறவைத்துச் சேர்மானங்களை அகற்றிவிட்டு, மீண்டும் நிறமாலை எடுத்துப் பாருங்கள். ஊறவைத்த பின் போய்விடும் பட்டை பெரும்பாலும் சேர்மானத்தினுடையது. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், சிறு ஆக்சிஜனேற்ற விளைபொருள்களும் கரைந்து வெளியேறக்கூடும்.

வெளியேறுவது என்றதும் இன்னொன்று. பாலிப்ரொப்பிலீன் ஆக்சிஜனேற்றத்தில் அசிட்டோன், அசிட்டிக் அமிலம் போன்ற ஆவியாகும் பொருள்கள் உண்டாகின்றன. காற்றோட்டமுள்ள 110 டிகிரி அடுப்பில் அவை பிலிமில் தங்குமா? உருவான கார்பனைலில் ஒரு பகுதி அடுப்பின் காற்றோடு போய்விட்டது. நீங்கள் அளப்பது மிச்சத்தை.

டி.ஜி.ஏ. பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நைட்ரஜனில் 400 டிகிரிக்கு மேல் முதுகெலும்பு சிதறுவதை அது காட்டுகிறது. 2,400 அலகுக்கு ஒன்று என்ற மாற்றம் அதில் தெரியாவிட்டால் கருவியைக் குறை சொல்ல முடியாது. முதுமையாக்க ஆய்வுகளில் இந்த வளைவை ‘வெப்ப நிலைத்தன்மை மாறவில்லை’ என்ற வாக்கியத்தோடு ஒட்டுவதை நிறுத்தினால் நல்லது.

தூண்டல் நேரம் விஷயத்துக்கு வருவோம். சோதனை நடைமுறை உங்களுக்குத் தெரியும்: சில மில்லிகிராம் மாதிரியைத் திறந்த அலுமினியக் கிண்ணத்தில் வைத்து, நைட்ரஜனில் 200 டிகிரிக்குச் சூடாக்கி, நிலைபெற்றதும் ஆக்சிஜனுக்கு மாற்றி, வெப்பம் வெளிப்படத் தொடங்கும்வரை காத்திருக்கிறோம். அளக்கப்படுவது மிச்சமுள்ள தடுப்பான் 200 டிகிரியில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான். பிலிம் எவ்வளவு ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது என்பதை அது சொல்லாது. பூஜ்யம் என்றால் அந்தச் சூட்டில் காக்கக்கூடிய தடுப்பான் போய்விட்டது என்று பொருள். அது வினையில் செலவாகியிருக்கலாம், ஆவியாகியிருக்கலாம், மேற்பரப்புக்குக் கசிந்து போயிருக்கலாம். மெல்லிய பிலிமில் ஆவியாவது சாதாரணம். இன்னொரு எச்சரிக்கை: தடையுற்ற அமீன் வகை நிலைப்படுத்திகள் 200 டிகிரியில் திறம்படச் செயல்படாதவை. உங்கள் பிலிமில் அவை இருந்தால், தூண்டல் நேரம் பூஜ்யம் காட்டும்போதும் 110 டிகிரியில் பாதுகாப்பு மிச்சமிருக்கலாம். உங்கள் பிலிம் ஏற்கெனவே உடைந்துவிட்டதால் அந்த வாய்ப்பு குறைவு என்றாலும், பிலிம் தயாரித்தவரிடம் சேர்மானப் பட்டியல் கேட்டுப் பாருங்கள்.

இதிலிருந்தே உங்கள் துணைக் கேள்விக்கும் பதில்: கூடாது. 200, 210, 220 டிகிரியில் தூண்டல் நேரம் எடுத்து, வினை வேகம் வெப்பநிலையோடு மாறுவதைக் காட்டும் அர்ரீனியஸ் கோடு போட்டு, அதை 25 டிகிரிவரை நீட்டி ‘ஆயுள் இத்தனை ஆண்டு’ என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். பாலிப்ரொப்பிலீன் 160 முதல் 165 டிகிரியில் உருகிவிடுகிறது. கோட்டின் ஒரு முனை உருகிய திரவத்தில், மறுமுனை பாதி படிகமான திடப்பொருளில். திடத்தில் படிகப் பகுதிக்குள் ஆக்சிஜன் ஏறக்குறைய நுழைவதில்லை. தடுப்பானும் அங்கே தங்குவதில்லை, படிகமற்ற பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். இரண்டும் ஒரே வேகவிதிக்குக் கட்டுப்படும் என்று நம்பக் காரணம் இல்லை. அடுப்புச் சோதனையை உருகுநிலைக்குக் கீழே பல வெப்பநிலைகளில் செய்து நீட்டுவது இதைவிட மேல். அதிலும் கோடு நேராகவே போகும் என்ற உத்தரவாதம் இல்லை. பல பாலிமர்களில் வெப்பநிலை குறையக் குறையக் கிளர்வு ஆற்றலும் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) குறைவதைக் கண்டிருக்கிறார்கள்; அப்போது உயர் வெப்பநிலைக் கோடு ஆயுளைக் கூட்டிக் காட்டிவிடும். 110-இலிருந்து 80 வரை அளந்தால் 70-ஐப் பற்றித் துணிந்து பேசலாம். 25-ஐப் பற்றிப் பேசுவது ஊகம், அதை ஊகம் என்றே எழுத வேண்டும்.

அப்படியானால் உடைவதை எதனோடு பொருத்துவது? மூலக்கூறு எடையோடுதான். சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஊடுருவல் குரோமட்டோகிராபி இதற்கு நேரடியான வழி. ஆனால் பாலிப்ரொப்பிலீனை டிரைகுளோரோபென்சீனில் 140 டிகிரிக்கு மேல் கரைக்க வேண்டும், எல்லா ஆய்வகத்திலும் அந்த வசதி இருக்காது. உருகிய பாலிமர் எவ்வளவு வேகமாக வழிகிறது என்று அளக்கும் உருகு பாய்வு குறியீடு ஏழைகளின் குரோமட்டோகிராபி. சங்கிலி அறுந்தால் உருகிய பாலிப்ரொப்பிலீன் இளகி வேகமாக வழியும், எண் ஏறும். அளவு துல்லியமில்லை, ஆனால் திசை பொய் சொல்லாது. சோதனைக்காக உருக்கும்போதே மேலும் சிதையும் என்பதால், மாதிரியில் கொஞ்சம் புதுத் தடுப்பான் கலந்து அளப்பது நல்லது. இதே யோசனையைப் பாலிஎத்திலீனுக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள்: அங்கே அறுபடுதலும் குறுக்குப் பிணைப்பும் (சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்வது) போட்டிபோடும், ஒன்றின் தடயத்தை மற்றது அழித்துவிடும். குரோமட்டோகிராபியும் அங்கே ஏமாற்றும். குறுக்குப் பிணைந்த பகுதி கரையாமல் வடிகட்டியிலேயே நின்றுவிடும், கரைந்ததை மட்டும்தான் கருவி பார்க்கும்.

கார்பனைலுக்கு முன்பே எச்சரிக்கை வேண்டுமென்றால் ஹைட்ரோபெராக்சைடைத் துரத்துங்கள். பழைய அயோடோமெட்ரிதான்: பிலிம் துண்டை ஐசோபுரொப்பனாலில் சோடியம் அயோடைடு, சிறிது அசிட்டிக் அமிலத்துடன் கொதிக்கவைத்தால் ஹைட்ரோபெராக்சைடு அயோடைடை அயோடினாக்கும், கரைசல் வைக்கோல் நிறத்துக்கு மாறும். 360 நானோமீட்டர் அருகில் உட்கவர்தலை அளந்தால் செறிவு கிடைக்கும். காற்றே அயோடைடை ஆக்சிஜனேற்றும் என்பதால் நைட்ரஜனைக் குமிழவிட்டுக்கொண்டே செய்யுங்கள். பிலிம் போடாத வெற்றுக் கரைசலையும் பக்கத்தில் ஓடவிடுங்கள். வெற்றுக் கரைசலும் மஞ்சளானால் அன்றைய அளவைத் தூக்கி எறியலாம். இதைவிட நுட்பமானது வேதி ஒளிர்வு. இரண்டு பெராக்சி உறுப்புகள் சந்தித்து முடியும்போது கிளர்ச்சியுற்ற கார்பனைல் பிறந்து, மிக மங்கலான ஒளியை உமிழ்கிறது. பாலிப்ரொப்பிலீனில் இது 1961-லேயே பதிவானது. ஒளிப்பெருக்கிக் குழாய் அந்த ஒளியை எண்ணிவிடும். தொடக்கத்தை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் முறைகள் அரிது. ஆனால் ஒளியின் அளவிலிருந்து வினையின் வேகத்துக்குப் போகும் பாலம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஒரே பொருளின் மாதிரிகளைத் தங்களுக்குள் ஒப்பிட அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம், வேறு வேறு பாலிமர்களை அதை வைத்துத் தரவரிசைப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

நீங்கள் தந்த தகவலை வைத்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது: தடுப்பான் தீர்ந்திருக்கிறது, ஏ.டி.ஆருக்கு இந்த அளவு மாற்றத்தைக் காணும் திறன் இல்லை, டி.ஜி.ஏ. இங்கே சாட்சியே அல்ல. சங்கிலி அறுபட்டதால்தான் பிலிம் உடைகிறது என்பது வலுவான ஊகம். உருகு பாய்வு அளந்தால் அது உறுதியாகும் அல்லது உடைபடும். இன்னொரு வாய்ப்பையும் விட்டுவிடக் கூடாது. 110 டிகிரியில் வெறுமனே வைத்திருந்தாலே பாலிப்ரொப்பிலீனில் படிகத்தன்மை ஏறி, பிலிம் விறைக்கும். அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. அதே பிலிமின் ஒரு துண்டை நைட்ரஜனிலோ வெற்றிடத்திலோ அதே வெப்பநிலையில் அதே காலம் வைத்துப் பாருங்கள். அதுவும் மடித்தால் உடைந்தால், நான் மேலே சொன்னதில் பாதியை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும். உடையாவிட்டால், அடுத்த தொகுதியை அடுப்பில் வைக்கும்போது உடைந்த பின் ஒருமுறை அளப்பதற்குப் பதிலாக, தொடக்கத்திலிருந்தே சீரான இடைவெளியில் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் தூண்டல் நேரம், ஹைட்ரோபெராக்சைடு, உருகு பாய்வு, ஊடுருவல் நிறமாலை, இழுவிசையில் முறிவு நீட்சி ஆகிய ஐந்தையும் அளந்து ஒரே காலக்கோட்டில் வரையுங்கள். எடுத்த துண்டுகளை உடனே அளக்க முடியாவிட்டால் இருட்டில், குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஹைட்ரோபெராக்சைடு அறை வெப்பநிலையிலும் சும்மா இருக்காது.